தொழுவத்து நட்பு: விலங்குக் கதைகளில் தோழமையும் வீட்டுக் கணக்கும்

தென்காசிக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், மேக்கரை என ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. காரும் பிசானமும் விளையும் நஞ்சைப் பகுதி. டிராக்டர் பெருகுவதற்கு முன்பு இந்தப் பக்கத்துச் சம்சாரி வீட்டுத் தொழுவத்தில் ஒரே இன விலங்கு மட்டும் நின்றதில்லை. உழவுக்கு ஒரு சோடி காளை, பாலுக்கு ஒரு பசு, அதன் கன்று, அவசரச் செலவுக்கு விற்க இரண்டு மூன்று வெள்ளாடு, மூலையில் கவிழ்த்த கூடைக்குள் கோழி என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பசுவும் ஆடும் ஒரே மாதத்தில் ஈன்றால் கன்றும் குட்டியும் கூட்டாளிகளாகிவிடும். கன்று படுத்திருக்க, குட்டி அதன் முதுகில் ஏறிக் குதிக்கும். இரவில் இரண்டும் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கை. கைப்பேசி வந்த பிறகு இதுவே அரை நிமிடக் காணொளி.

இரண்டு இளம் பண்ணை விலங்குகள் நட்பாவது மிகப் பழைய கதைப்பொருள். சாதகக் கதைகள் முதல் பெருமாள்முருகன் வரை பலரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். இவ்வகைக் கதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'வேறு வேறு இனம், ஆனாலும் அன்பு' என்ற ஒன்றையே வியந்து நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கதைகளின் உண்மையான சிக்கல் இன வேறுபாட்டில் இல்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. தொழுவத்தில் நிற்கும் ஒவ்வொரு விலங்குக்கும் வீட்டுக்காரரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்று உழைக்க, ஒன்று கறக்க, ஒன்று விற்க, ஒன்று வெட்ட. அந்தக் கணக்கை அறிந்த பிறகு ஒரு விலங்கு தன் தோழனுக்காக என்ன செய்கிறது என்பதை வைத்தே இக்கதைகளின் தரத்தை மதிப்பிட வேண்டும்.

நட்பு அரிதா?

கூட்டமாக வாழும் விலங்குகளின் குட்டிகள், பிறந்த முதல் நாட்களில் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்களைத் தம் கூட்டமாக எடுத்துக்கொள்கின்றன. கோழி அடைகாத்துப் பொரித்த வாத்துக்குஞ்சு கோழியின் பின்னால் ஓடுவதை நாட்டுப்புறத்தில் பார்க்காதவர் குறைவு. இந்த இணக்கம் குட்டிகளுக்குத்தான் எளிது. ஈன்ற தாய் ஆடு சில மணி நேரத்துக்குள் தன் குட்டியின் மணத்தைப் பதித்துக்கொள்ளும். பிறகு வேறு குட்டி மடியில் வாய் வைத்தால் உதைத்துத் தள்ளும். தாயற்ற குட்டியை வேறொரு ஆட்டிடம் ஊட்டவிட வேண்டுமானால் அந்த ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கால்நடைகளுக்கு நினைவும் தேர்வும் உண்டு என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கீத் கென்ட்ரிக் குழுவினர் 2001-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, செம்மறியாடு வேறு 50 ஆடுகளின் முகங்களை அடையாளம் கண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்கும். பசு தனக்குப் பிடித்த தோழியுடன் அடைக்கப்பட்டிருக்கும்போது அதன் இதயத் துடிப்பு அமைதியாக இருக்கிறது என்று இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டா மெக்லெனன் செய்த ஆய்வு கூறியது. மந்தையை மேய்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. எந்த ஆடு எதனோடு சேர்ந்து மேயும் என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

ஆகவே, கன்றும் குட்டியும் நட்பாவது அவ்வளவு அரிதன்று. அந்த நட்பு நீடிப்பதுதான் அரிது. ஆண் வெள்ளாட்டுக்குட்டி ஓராண்டுக்குள் விற்கும் பருவத்தை அடைந்துவிடும். காளைக்கன்று ஏரில் பழக இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். கோயில் கொடைக்கோ, பக்ரீத்துக்கோ, மேலப்பாளையம் சந்தைக்கோ, எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தைக்கோ குட்டி போன பிறகு கன்று அதே முளையில் நின்றுகொண்டிருக்கும். காணொளி எடுப்பவர்கள் இந்தப் பகுதியை எடுப்பதில்லை. கதை எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

பள்ளு நூல்களில் மாடு

இந்த மண்ணிலேயே பிறந்த ஓர் இலக்கியத்தில் இருந்து தொடங்கலாம். பண்பொழியின் திருமலைக் குமரன் மீது பெரியவன் கவிராயர் பாடியது திருமலை முருகன் பள்ளு. தாமிரபரணிக் கரையில் பிறந்த முக்கூடற்பள்ளு இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. பள்ளு நூல்களில் வயல், நெல், மாடு, ஏர் எல்லாம் உண்டு. மாட்டு வகைகளைக் கொம்பின் வளைவு, நிறம், குளம்பு, நடை என்று பெயர் சொல்லி அடுக்குவது பள்ளின் மரபான உறுப்புகளில் ஒன்று. இவ்வளவு நுட்பமான பெயர்கள் ஒரு மொழியில் இருக்கின்றன என்றால், அந்த மக்கள் மாட்டை எவ்வளவு நெருக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஆனால் அந்தப் பட்டியல் எந்தச் சூழலில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பண்ணைக்காரன் கணக்குக் கேட்கிறான், பள்ளன் ஒப்புவிக்கிறான். நெல் வகையைப் போல, ஏர்க்கருவியைப் போல, மாடும் கணக்கில் ஓர் இனம். ஒரு மாடு தனி உயிராகக் கதைக்குள் நுழைவது பள்ளனை முட்டும்போதுதான். இரண்டு மாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் இடம் அந்த அமைப்புக்குள் இல்லை. கவிராயர்களின் குறையாக இதைச் சொல்லவில்லை. பள்ளு பண்ணையின் கணக்கையே பாட்டாக்கிய வடிவம்; அதன் சுவையும் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தொழுவம் மாடு கட்டும் இடம். பண்ணைக்காரன் பள்ளனைத் தண்டிக்கக் காலை மாட்டிவைக்கும் மரத்துக்குப் பெயர் தொழுமரம். மாட்டையும் ஆளையும் கட்டிவைக்க ஒரே வேர்ச்சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

அறிந்தும் பேசாத எருது

பாலி மொழிச் சாதகக் கதைகளில் முப்பதாவது, முனிகன் கதை. ஒரு வீட்டில் இரண்டு எருதுகள், அண்ணனும் தம்பியும். பெயர் பெரிய சிவப்பன், சின்னச் சிவப்பன் என்று பொருள்படும். அதே வீட்டில் முனிகன் என்று ஒரு பன்றி. வண்டியை இழுப்பது எருதுகள். அவற்றுக்குப் புல்லும் வைக்கோலும். ஒரு வேலையும் செய்யாத முனிகனுக்குச் சோறு. சின்னச் சிவப்பனுக்குப் பொறுக்கவில்லை, அண்ணனிடம் முறையிடுகிறான். அண்ணன் விளக்குகிறான்: இந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது, முனிகன் தின்பது சாவுச் சோறு, உன் வைக்கோலைத் தின்று நெடுநாள் இரு. விருந்தாளிகள் வருகிறார்கள், முனிகன் கறியாகிறான்.

பொறாமை கூடாது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். தொழுவத்தின் கணக்கை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பழங்கதைகள் குறைவு என்ற வகையில் இது நல்ல கதைதான். குட்டி எருதின் குறை நியாயமான குறை என்பதையும் அது மறைக்கவில்லை. ஆனால் படித்து முடித்த பின் ஓர் உறுத்தல் மிஞ்சுகிறது. மூத்த எருதுக்கு முழுக் கணக்கும் தெரியும். அந்த அறிவைத் தம்பிக்குத் தருகிறது, இரண்டடி தள்ளி நிற்கும் முனிகனுக்குத் தரவில்லை. சொல்லியிருந்தாலும் முனிகன் தப்பியிருக்க முடியாது என்று வாதிடலாம். இருந்தாலும், இந்தக் கதையில் நட்பு நுகத்தடியின் நீளத்தோடு முடிந்துவிடுகிறது. பன்றி அதற்கு வெளியே நிற்கிறது.

நந்தகன் எங்கே போனான்?

பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியான மித்திரபேதம் தமிழ் மாணவர்களுக்கு அறிமுகமானது. மராத்தியிலிருந்து தாண்டவராய முதலியார் மொழிபெயர்த்து 1826-இல் வெளியான பஞ்சதந்திரம், தமிழின் தொடக்ககால உரைநடை நூல்களில் ஒன்று. எருது சஞ்சீவகனும் சிங்கம் பிங்கலகனும் நட்பாகின்றன. தமனகன் என்ற நரி கோள் சொல்லிப் பிரிக்கிறது. சிங்கம் எருதைக் கொல்கிறது. அரிதான நட்புக்கு உலகெங்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது.

இந்தக் கதையின் தொடக்கத்தில் இன்னொரு எருது இருப்பது பலருக்கு நினைவிருக்காது. வணிகன் வர்த்தமானகனின் வண்டியில் பூட்டப்பட்டவை இரண்டு காளைகள்: சஞ்சீவகன், நந்தகன். சமஸ்கிருத வடிவங்களில் ஒன்று, இரண்டும் அவன் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவை என்கிறது. யமுனைக் கரைச் சேற்றில் சஞ்சீவகனுக்குக் கால் முறிகிறது. வணிகன் சில நாள் காத்திருக்கிறான். பிறகு காவலுக்கு ஆள் வைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறான். காட்டுக்குப் பயந்த காவலாட்கள், மாடு செத்துப்போயிற்று என்று பொய் சொல்கிறார்கள். வணிகன் அதற்கு உரிய சடங்கையும் செய்துவிடுகிறான்.

நந்தகன்? அவன் வண்டியோடு போய்விடுகிறான். கதை அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே தொழுவத்தில் பிறந்து, ஒரே நுகத்தில் கழுத்து வைத்து, தென்னாட்டிலிருந்து யமுனை வரை சேர்ந்து நடந்த தோழன் சேற்றில் கிடக்கும்போது நந்தகன் என்ன செய்தான் என்று ஒரு வரி கூடக் கிடையாது. பஞ்சதந்திரம் அரசியல் நூல். அரசனும் அமைச்சனும் எப்படிப் பகைப்பார்கள் என்பதே அதன் அக்கறை. சிங்கத்தோடு எருது கொள்ளும் நட்பு அதற்குத் தேவை, எருதோடு எருது கொண்ட நட்பு தேவையில்லை. இந்தக் கதையை வகுப்பில் சொல்லும் ஆசிரியர், நந்தகனின் இடத்திலிருந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்க்கலாம். 'கூடா நட்பு கேடு' என்று கரும்பலகையில் எழுதுவதைவிட அது பயனுள்ள பயிற்சி.

ஹீராவும் மோதியும்

அந்தப் பக்கத்தை எழுதியவர் என்று பிரேம்சந்தைச் சொல்லலாம். 1931-இல் வெளியான அவருடைய 'இரண்டு காளைகளின் கதை', என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றதால் வட இந்தியாவில் தலைமுறைகள் படித்த கதை. தமிழில் பிரேம்சந்தைப் படித்தவர்கள் பெரும்பாலும் 'கோதான்' நாவலோடு நின்றுவிடுகிறார்கள்.

ஜூரி என்ற விவசாயியிடம் ஹீரா, மோதி என இரண்டு காளைகள். இவற்றின் நட்பைப் பிரேம்சந்த் விளக்கும் முறை இன்றும் வியக்கவைக்கிறது. அன்பு, உயிர் என்ற சொற்களைக் கொட்டாமல், தொழுவத்தில் நின்று பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஏரிலோ வண்டியிலோ பூட்டும்போது, பாரம் தன் கழுத்தில் அதிகம் விழும்படி ஒவ்வொன்றும் பார்த்துக்கொள்ளும். தொட்டியில் ஒன்று வாயை எடுத்தால் மற்றதும் எடுத்துவிடும். ஏர் பூட்டியவர்களுக்கு முதல் செய்தியின் எடை புரியும். சோடி சரியாக அமையாவிட்டால் ஒரு மாடு பின்வாங்க, மற்றதன் கழுத்து புண்ணாகும். அதனால்தான் சந்தையில் ஒற்றை மாடு வாங்குபவர், வீட்டில் நிற்கும் மாட்டின் உயரத்தையும் நடையையும் மனத்தில் வைத்துக்கொண்டே விலை பேசுவார்.

ஜூரியின் மைத்துனன் கயா காளைகளை ஓட்டிப்போகிறான். தங்களை விற்றுவிட்டார்கள் என்று காளைகள் நினைக்கின்றன. அன்று இரவே முளையை அறுத்துக்கொண்டு திரும்பி வருகின்றன, மீண்டும் அனுப்பப்படுகின்றன. அங்கே அடியும் காய்ந்த தீவனமும். மாற்றாந்தாயிடம் அடிபடும் ஒரு சிறுமி மட்டும் இரவில் ஆளுக்கொரு ரொட்டி கொண்டுவந்து கொடுக்கிறாள். பிறகு அவளே கயிற்றை அவிழ்த்துவிடுகிறாள். வழியில் ஒரு பொலிகாளையோடு இரண்டும் சேர்ந்து மோதுகின்றன. பட்டாணி வயலில் மேயும்போது பிடிபட்டு, பவுண்டில் அடைக்கப்படுகின்றன.

பவுண்டுக் காட்சியே கதையின் உச்சம். பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கவும், தண்டம் கட்டாவிட்டால் ஏலம் விடவும் 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வழிசெய்தது. தமிழ்நாட்டு ஊர்களிலும் பவுண்டு என்ற சொல்லே வழங்கியது. பிரேம்சந்தின் பவுண்டில் எருமைகள், ஆடுகள், குதிரைகள், கழுதைகள் தீவனமின்றிக் கிடக்கின்றன. ஹீரா சுவரை இடிக்கத் தொடங்குகிறான். காவலாள் பார்த்துவிட்டுத் தடித்த கயிற்றில் கட்டுகிறான். பிறகு மோதி இடித்துச் சுவரைத் திறக்கிறான். மற்ற விலங்குகள் ஓடுகின்றன. கழுதைகள் மட்டும் தயங்கி நிற்கின்றன. மறுபடியும் பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவற்றின் கவலை. மோதி அவற்றைக் கொம்பால் தள்ளி வெளியேற்றுகிறான். அடுத்து ஹீராவின் கயிற்றை அறுக்க முயல்கிறான், முடியவில்லை. நீ போ என்கிறான் ஹீரா. மோதி போகவில்லை. விடியும்வரை பக்கத்திலேயே இருந்து, அடிவாங்கிக் கட்டுண்கிறான்.

முனிகன் கதையின் மூத்த எருது அறிந்ததை மோதியும் அறிந்திருக்கிறான். இங்கே இருந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஏலத்தில் அவர்களை எடுப்பவன் கசாப்புக்காரன்தான். வழியும் திறந்திருக்கிறது. வைக்கோலைத் தின்று நெடுநாள் இருக்கலாம். அவன் தங்கிவிடுகிறான்.

இந்தக் கதையைச் சுதந்திரப் போராட்டத்தின் உருவகமாக வாசிப்பது வழக்கம். பொறுமையான ஹீரா ஒரு வழி, கோபக்கார மோதி இன்னொரு வழி. எழுதப்பட்ட ஆண்டும் 1931. வாசிப்பு சரிதான். ஆனால் உருவகம் தூக்கலாக வரும் இடங்களில்தான் கதை சற்று தளர்கிறது. விழுந்த பகைவனைக் குத்தக்கூடாது, பெண்ணின் மேல் கொம்பை ஓங்கக்கூடாது என்று ஹீரா அறம் பேசும்போது அவன் மாடாக இல்லை, சத்தியாகிரகத் தொண்டனாக இருக்கிறான். தொட்டியில் வாயை எடுக்கும் காளையே நம் மனத்தில் தங்குகிறது.

முடிவில் இரண்டும் கசாப்புக்காரனிடமிருந்து தப்பி ஜூரியின் வீட்டுக்கே ஓடிவந்துவிடுகின்றன. ஜூரி கட்டிக்கொள்கிறான், முன்பு திட்டிய மனைவி நெற்றியில் முத்தமிடுகிறாள். வாசகர் மனம் நிறைகிறது. எனக்கு இங்கே ஒரு சிறு தயக்கம் உண்டு. மைத்துனனிடம் அனுப்பியதும் இதே ஜூரிதான். இரண்டு காளைகளும் ஏருக்கு இன்னும் பயன்படும் வயதில் இருப்பதால்தான் இந்த மகிழ்ச்சி சாத்தியமாகிறது. கிழடான பிறகு என்ன என்ற கேள்வியைப் பிரேம்சந்த் கதைக்கு வெளியே விட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியை ஜார்ஜ் ஆர்வெல் தன் 'விலங்குப் பண்ணை'யில் (1945) எடுத்துக்கொண்டார். உழைத்து ஓய்ந்த குதிரை பாக்ஸரும் கழுதை பெஞ்சமினும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் மேய்கிறவர்கள். பெஞ்சமினுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், ஆனால் ஒருநாளும் படித்துச் சொன்னதில்லை. பாக்ஸரை ஏற்றிப்போகும் வண்டியில் குதிரை அறுப்பவன் பெயர் எழுதியிருப்பதை அவன் முதன்முதலாக வாய்விட்டுப் படிக்கும்போது வண்டி நகர்ந்துவிடுகிறது.

பன்றிக்குட்டியும் ஆட்டுக்குட்டியும்

அமெரிக்கரான ஈ. பி. வொயிட் 1952-இல் வெளியிட்ட 'சார்லட்டின் வலை', பன்றிக்குட்டிக்கும் சிலந்திக்கும் இடையிலான நட்பைச் சொல்லும் சிறுவர் நாவல். ஈற்றில் சவலையாகப் பிறந்த வில்பர் என்ற பன்றிக்குட்டி முதல் அத்தியாயத்திலேயே கோடரிக்குத் தப்புகிறது. தொழுவத்துக்கு வந்த பின், சிலந்தியோடு பழகுவதற்கு முன்பே அது ஓர் ஆட்டுக்குட்டியிடம் தோழமை தேடிப் போகிறது. விளையாட வருகிறாயா என்று கேட்கிறது. தனக்குப் பன்றி என்றால் ஒன்றுமில்லாததற்கும் கீழே என்று ஆட்டுக்குட்டி சொல்லிவிடுகிறது. ஒன்றுமில்லாததற்குக் கீழே எப்படி ஒன்று இருக்க முடியும் என்று வில்பர் கணக்குப் பேசுகிறது. சிரிக்க வைக்கும் பகுதி, கூடவே நேர்மையான பகுதி. ஒரே தொழுவத்தில் இருப்பதாலேயே குட்டிகளெல்லாம் நட்பாகிவிடும் என்று வொயிட் குழந்தைகளை ஏமாற்றவில்லை.

கிறிஸ்துமஸ் காலத்தில் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்ற செய்தியை வில்பரிடம் சொல்வது ஒரு கிழட்டுச் செம்மறி. முனிகனிடம் யாரும் சொல்லாததை இங்கே ஒருத்தி சொல்லிவிடுகிறாள், கொஞ்சம் குரூரமாகவே. அதைக் கேட்ட பிறகுதான் சார்லட் என்ற சிலந்தி வலையில் சொற்களை நெய்து, அந்தப் பன்றிக்கு ஒரு மதிப்பை உண்டாக்குகிறாள். அவள் வீட்டுக்காரரின் மனத்தை மாற்றவில்லை, கணக்கை மாற்றுகிறாள். இறைச்சியாக விலைபோவதைவிட, ஊரே பார்க்கவரும் அதிசயமாக வைத்திருப்பது லாபம் என்று ஆக்கிவிடுகிறாள். வொயிட் பண்ணை வைத்திருந்தவர். வெட்டுவதற்காக வளர்த்த பன்றி நோயில் விழுந்தபோது அதற்கு வைத்தியம் பார்த்து, அது செத்ததற்கு வருந்தி 1948-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த முரண்பாடு தன்னுடையதும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நாவலில் வில்லன் கிடையாது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், கோடரி வைத்திருக்கும் நல்ல மனிதர்.

பூனாச்சி

தமிழில் மந்தையைப் பற்றி எழுத வந்தால் இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அங்கே ஆடுகள் பருத்திக் காட்டில் இறங்கி மேய்வது மனிதர்களின் காதலையும் சாதியையும் வெளிக்கொண்டுவரத்தான். ஆடுகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதை மையமாக்கியது பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016).

மாதொருபாகன் சர்ச்சைக்குப் பின் சில காலம் எழுதுவதை நிறுத்தியிருந்த ஆசிரியர், மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது, ஆட்டைப் பற்றி எழுதலாம் என்ற பொருளில் முன்னுரை தந்த நூல் இது. அதனால் விமர்சகர்கள் பலரும் அரசைப் பற்றிய உருவகக் கதையாக இதை வாசித்தார்கள். காது குத்தி அடையாளம் இடும் அரசு, கறுப்பு ஆட்டின் மீது கொள்ளும் ஐயம், வரிசையில் நிற்கும் மக்கள் எல்லாம் அந்த வாசிப்புக்கு இடம் தருகின்றன. நாவலின் வலு அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பகுதிகள் ஓரளவு எதிர்பார்த்தபடியே நகர்கின்றன. வலு முழுவதும் பட்டிக்குள் இருக்கிறது.

பூனைக்குட்டி அளவே உள்ள கறுப்புக் குட்டி ஒன்று வயதான தம்பதியிடம் வந்துசேர்கிறது. வில்பரைப் போல இதுவும் பிழைக்காது என்று கருதப்பட்ட குட்டி. வீட்டிலிருக்கும் தாய் ஆடு அதற்குப் பால் தர மறுக்கிறது. கிழவி பிடித்து ஊட்டவைக்க வேண்டியிருக்கிறது. பிறகு மற்றக் குட்டிகளோடு அது விளையாடக் கற்கிறது. முதல் நாட்களின் தயக்கம், முட்டிப் பார்த்தல், ஒன்றாக மேய்தல் எல்லாம் மெதுவாக, அவசரமின்றி எழுதப்பட்டிருக்கின்றன. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவரின் எழுத்து என்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது.

அப்புறம் விளையாட்டுத் தோழர்களான கிடாக்குட்டிகளுக்குக் காயடிக்கிறார்கள். நேற்றுவரை துள்ளியவை ஒடுங்கி நிற்பதைப் பூனாச்சி பார்க்கிறாள். அவளுக்கு என்ன நடந்தது என்பது முழுதாக விளங்கவில்லை. அவர்கள் பழையபடி இல்லை என்பது மட்டும் விளங்குகிறது. பூவன் என்ற கிடாவிடம் அவள் கொண்ட அன்பும் அதே வழியில் முடிகிறது. பூவன் விருந்தாகிவிடுகிறான். பிரேம்சந்தின் மோதிக்கு இருந்த தேர்வு பூனாச்சிக்கு இல்லை. சார்லட்டுக்கு இருந்த சொற்களும் இல்லை. அறிந்து சொல்ல ஒரு கிழட்டுச் செம்மறி கூட அந்தப் பட்டியில் இல்லை. ஒவ்வொரு முறையும் நடந்து முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது.

தொழுவத்து உண்மைக்கு மிக அருகில் நிற்கும் கதை இது என்று சொல்லலாம். பெருமாள்முருகன் வயதான தம்பதியைக் கொடியவர்களாக்கவும் இல்லை. கிழவி பூனாச்சியைப் பேத்தி போலவே வளர்க்கிறாள். பஞ்சம் வரும்போது அவளும் பட்டினி கிடக்கிறாள், விற்கக்கூடிய ஆடுகளை விற்கிறாள். குட்டியை மடியில் வைத்துப் பாலூட்டிய கையும் சந்தையில் கயிற்றை மாற்றிக்கொடுக்கும் கையும் ஒன்றே என்பதை, அந்தக் கையின் பசியையும் சேர்த்துக் காட்டியதில் இந்நாவல் வொயிட்டைவிடவும் ஒருபடி முன்னே போகிறது. இறுதியில் பூனாச்சி கல்லாகித் தெய்வமாகும் முடிவு மட்டும், இவ்வளவு நேரம் கண்ட மண்ணிலிருந்து சட்டென்று மேலே தூக்கிவிடுகிறது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரத்துக்கே உரிய கன்னி ஆடு, கறுப்பு உடலும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் பால்கன்னி, கோடுகள் செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி எனப்படும். கொங்கு நாட்டுப் பூனாச்சிக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு நாவல் இந்தக் கன்னி ஆட்டுக்கு இன்னும் வரவில்லை. வடகரைப் பக்கத்துத் தொழுவங்களில் உழவுக் காளைகள் பெரிதும் குறைந்துவிட்டன. கறவை மாட்டின் கன்றும் ஆட்டுக்குட்டியும் இன்னும் பக்கத்துப் பக்கத்து முளைகளில் நிற்கின்றன. எழுத விரும்புகிற மாணவர்கள், குட்டி போன மறுநாள் காலையில் கன்று எப்படி நிற்கிறது என்பதைப் போய்ப் பார்த்துத் தொடங்கலாம்.